ஒரே ஒரு அறையை வைத்து எஸ்டிமேட் போடப் பழகுவோம்

"சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" வீடு கட்ட நினைக்கிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலும் உடனே கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பதிலை நம்பி வங்கிக் கடன் வரை போவது ஆபத்து. உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர் உள்ள ஓர் அறையின் சுவர், மையக்கோட்டில் அளந்தால், 14.92 மீட்டர். அதே அறையை 8 மீட்டருக்கு 3 மீட்டராக நீட்டினால் கட்டடப் பரப்பு 90 சதவீதம் கூடுகிறது, சுவர் 54 சதவீதம்தான் கூடுகிறது. அஸ்திவாரமும் செங்கலும் பூச்சும் சுவரைப் பின்பற்றும், பரப்பை அல்ல. அப்படியிருக்க இரண்டுக்கும் ஒரே சதுர அடி ரேட் எப்படிப் பொருந்தும்?

அதனால் முதலில் அளவு, அப்புறம் விலை. விலை மாதாமாதம் மாறும். வரைபடம் மாறாதவரை அளவு மாறாது. ஒருமுறை ஒழுங்காக எடுத்துவிட்டால், சிமெண்ட் விலை ஏறினாலும் ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

நம் மாதிரிக் கட்டடம் இதுதான்: உள்ளளவு 4 × 3 மீட்டர், 23 செ.மீ. செங்கல் சுவர், உயரம் 3 மீட்டர். 1 × 2.1 மீட்டரில் ஒரு கதவு, 1.2 × 1.2 மீட்டரில் இரண்டு ஜன்னல். தரைக்குக் கீழே 1 மீட்டர் ஆழ அஸ்திவாரம், தரைக்கு மேலே 45 செ.மீ. பேஸ்மெண்ட். வரைபடம் அடியில் இருந்தாலும் கணக்கை மீட்டரிலேயே போடுங்கள். அடி, அங்குலம் கலந்தால் தசமப் புள்ளி எங்கேயாவது தடம் புரளும்.

படி 1: மையக்கோட்டு நீளம்

சுவரின் நட்டநடுவில் ஓடும் கோட்டின் நீளம் இது. உள்ளளவோடு ஒரு சுவர்த் தடிமனைக் கூட்டினால் வந்துவிடும்.

(4 + 0.23) + (3 + 0.23) = 7.46
7.46 × 2 = 14.92 மீட்டர்

அஸ்திவாரத்தில் 90 செ.மீ. அகலம், அதற்கு மேல் 60, 45, கடைசியில் 23 என்று அகலம் மாறிக்கொண்டே போனாலும் இந்த 14.92 மாறாது. மூலைகளில் ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணும் தொல்லையும் இல்லை.

நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வந்தால் மட்டும் கவனம் தேவை. அது மற்ற சுவரில் போய் முட்டும் ஒவ்வொரு இடத்துக்கும், அந்த அடுக்கின் அகலத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். இரண்டு முட்டு இருந்தால் 90 செ.மீ. அகல அடுக்கில் 0.90 மீட்டரும், செங்கல் சுவரில் 0.23 மீட்டரும் குறையும். புதிதாகக் கணக்கு போடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான்.

படி 2: தரைக்குக் கீழே

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுதல்: 14.92 × 0.90 × 1.00 = 13.43 கன மீட்டர்
அடிக் கான்கிரீட் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம்), 15 செ.மீ.: 14.92 × 0.90 × 0.15 = 2.01
கருங்கல் கட்டு, முதல் அடுக்கு: 14.92 × 0.60 × 0.45 = 4.03
கருங்கல் கட்டு, இரண்டாம் அடுக்கு: 14.92 × 0.45 × 0.85 = 5.71

இரண்டாம் அடுக்கின் 85 செ.மீ. உயரத்தில் 40 செ.மீ. மண்ணுக்குள்ளும் 45 செ.மீ. வெளியிலும் இருக்கும். கருங்கல் மொத்தம் 9.74 கன மீட்டர்.

தோண்டிய மண் எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுங்கள். கான்கிரீட்டும் கல்லும் தரைக்குள் பிடிக்கும் இடம் 8.73 கன மீட்டர். பக்கவாட்டில் திரும்பப் போட வேண்டியது 4.70. மிச்சமுள்ள 8.73 கன மீட்டரில் பேஸ்மெண்ட் உள்நிரப்புக்கு 3.78 × 2.78 × 0.35, அதாவது 3.68 கன மீட்டர் போதும். ஆக, கிராவல் வாங்க வேண்டியதே இல்லை. கரிசல் மண்ணாக இருந்தால் கதை வேறு. அதை உள்ளே நிரப்பினால் ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கி, தரை வெடிக்கும். அங்கே நல்ல மண்ணுக்குத் தனியாகப் பணம் எழுதத்தான் வேண்டும்.

நிரப்பிய மண்ணின் மேல் 10 செ.மீ. தரைக் கான்கிரீட்: 3.78 × 2.78 × 0.10 = 1.05 கன மீட்டர்.

படி 3: செங்கல் சுவர்

சுவர் உயரம் 3 மீட்டர். கதவு ஜன்னலுக்கு மேலே சுற்றிலும் ஓடும் கான்கிரீட் பட்டையான லிண்டலின் 15 செ.மீ. போக 2.85.

மொத்தம்: 14.92 × 0.23 × 2.85 = 9.78
கதவு கழிவு: 1 × 2.1 × 0.23 = 0.48
ஜன்னல் கழிவு: 2 × 1.2 × 1.2 × 0.23 = 0.66
மீதி: 8.64 கன மீட்டர்

சரி, இதற்கு எத்தனை செங்கல்? பாடப்புத்தகம் கன மீட்டருக்கு 500 என்று சொல்லும். அது 19 × 9 × 9 செ.மீ. மாடுலர் செங்கலுக்கான கணக்கு. நம் ஊர்ச் சேம்பர் செங்கல் ஏறக்குறைய 23 × 11 × 7.5 செ.மீ. சுற்றிலும் 1 செ.மீ. கலவை சேர்த்து 24 × 12 × 8.5 என்று வகுத்தால் 408 வரும். பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் 23 செ.மீ. சுவரின் இரண்டு வெளிமுகங்களிலும் கலவை இணைப்பு கிடையாது. முகத்தில் பார்த்தால் 24 × 8.5 செ.மீ. இடத்துக்குப் பின்னால் இரண்டு கல் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 98 கல், அதை 0.23ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 426. ஒரு அறைக்கே 150 கல் வித்தியாசம்.

8.64 × 426 = சுமார் 3,680. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 3,900 என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டுக்கல் வாங்குவதாக இருந்தால் இந்த எண் பொருந்தாது. சூளையில் பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்து, சராசரி எடுத்து, இதே வழியில் வகுத்துக்கொள்ளுங்கள்.

கலவை: 426 கல்லின் கன அளவு 0.81 போக, இணைப்புகளுக்கு 0.19 கன மீட்டர். கல்லின் குழியும் சிந்துவதும் சேர்த்து 0.23. ஈரக் கலவையை உலர்ந்த பொருளாக மாற்ற 1.33ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.30. சிமெண்ட், மணல் விகிதம் 1:6 என்பதால் ஏழு பங்கு. சிமெண்ட் 0.043 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சிமெண்டின் எடையான 1,440 கிலோவால் அதைப் பெருக்கினால் 62 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 1.23 மூட்டை. மணல் 0.257 கன மீட்டர். சுவர் முழுவதற்கும் சிமெண்ட் 11 மூட்டைக்குச் சற்றுக் குறைவு.

படி 4: கான்கிரீட்

தளம், சுற்றிலும் 30 செ.மீ. வெளிநீட்டோடு, 12 செ.மீ. தடிமன்: 5.06 × 4.06 × 0.12 = 2.47
லிண்டல்: 14.92 × 0.23 × 0.15 = 0.51
மொத்தம்: 2.98 கன மீட்டர்

ஈர அளவை உலர்ந்த பொருளாக மாற்ற, கான்கிரீட்டுக்குப் பெருக்கும் எண் 1.54. எம்20 என்ற தரத்துக்கான கலவை 1:1.5:3 என்றால் மொத்தம் 5.5 பங்கு. 1.54 ÷ 5.5 = 0.28 கன மீட்டர் சிமெண்ட், அதாவது 8 மூட்டை. மணல் 0.42, முக்கால் அங்குல ஜல்லி 0.84. நம் 2.98 கன மீட்டருக்கு 24 மூட்டை, ஜல்லி 88 கன அடி.

அடிக் கான்கிரீட்டுக்கும் தரைக்கும் போடும் 1:4:8 கலவையில் கன மீட்டருக்கு 3.4 மூட்டைதான் வரும். இதற்கு ஒன்றரை அங்குல ஜல்லி.

படி 5: கம்பி

கம்பியின் எடைக்கு ஒரே சூத்திரம்: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி 0.395, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888.

தளத்துக்கு வரைபடத்தில் குறுக்கே 10 மி.மீ., நெடுக்கே 8 மி.மீ., இரண்டும் 15 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஓரங்களில் 2 செ.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்.

குறுக்குக் கம்பி: 5.02 ÷ 0.15 + 1 = 35. ஒவ்வொன்றும் 4.02 மீட்டர். எடை 86.8 கிலோ.
நெடுக்குக் கம்பி: 4.02 ÷ 0.15 + 1 = 28. ஒவ்வொன்றும் 5.02 மீட்டர். எடை 55.5 கிலோ.

இடைவெளியால் வகுத்த பின் ஒன்று கூட்ட மறக்காதீர்கள். இது கீழ் வலை மட்டும். மேல் கம்பி, வளைவு, ஓவர்லேப் எல்லாம் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தைப் பார்த்துத் தனியாக எடுக்க வேண்டும்.

காகிதத்தில் கணக்கு முடிந்தது, கடையில் முடியவில்லை. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. நமக்கு வேண்டியது 4.02 மீட்டர். ஒரு கம்பியில் இரண்டு வெட்டினால் மிச்சம் 3.96 மீட்டர், மூன்றாவதுக்கு 6 செ.மீ. போதவில்லை! 35 துண்டுக்கு 18 கம்பி வாங்க வேண்டும். தளத்தின் வெளிநீட்டை 30 செ.மீ.யிலிருந்து 28ஆகக் குறைத்தால் துண்டு 3.98 மீட்டராகும், ஒரு கம்பியில் மூன்று கிடைக்கும், 12 கம்பி போதும். எஸ்டிமேட்டை வேலை தொடங்கும் முன்பே போட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். கான்கிரீட் போட்ட பின் இதைக் கண்டுபிடித்து என்ன பயன்? (அந்த 2 செ.மீ.யை உங்கள் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.)

படி 6: பூச்சு

உள்சுவர்: 14 × 3 = 42 சதுர மீட்டர்
வெளிச்சுவர்: 15.84 × 3 = 47.52
சீலிங்: 12

திறப்புகளுக்கு எவ்வளவு கழிப்பது என்பதில் கொத்தனாரோடு சண்டை வருவது வழக்கம். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 இதற்கு வழி சொல்கிறது. அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். பக்கக் கன்னங்களை (திறப்பின் உள்பக்கச் சுவர் முகங்களை) தனியாகக் கூட்டக் கூடாது. மூன்றுக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, கன்னங்களைக் கூட்ட வேண்டும். நம் கதவும் ஜன்னல்களும் நடு ரகம். எனவே 2.1 + 2.88 = 4.98 கழித்தால் சுவர்ப் பூச்சு 84.54 சதுர மீட்டர். 12 மி.மீ. தடிமனில் 1:5 கலவைக்கு 8 மூட்டை, சீலிங்குக்கு ஒன்றரை.

படி 7: வாங்கும் பட்டியல்

கருங்கல் கட்டில் மூன்றில் ஒரு பங்கு கலவை. 1:6 விகிதத்தில் கன மீட்டருக்கு 1.8 மூட்டை, மொத்தம் 17.5. எல்லாவற்றையும் கூட்டினால் சிமெண்ட் சுமார் 72 மூட்டை. ஒரே தடவையில் இறக்காதீர்கள். மூன்று மாதம் கிடந்த சிமெண்டின் வலு குறைந்துவிடும். எம் சாண்ட் (கல்லை அரைத்துச் செய்த மணல்) 8.6 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி, லாரிக்காரர் பேசும் ஒரு யூனிட் 100 கன அடி. ஆக மூன்று யூனிட். பூச்சுக்கு அதைவிட மெல்லிய பி சாண்ட் அரை யூனிட். லாரி வந்ததும் மணலைக் கொட்டும் முன் பாடியின் நீள, அகல, உயரத்தை டேப்பில் அளந்து பாருங்கள். ஈர மணல் உப்பலாக நிற்கும். அளவில் சரியாக இருந்தாலும் காய்ந்த பின் குறையும்.

படி 8: விலை

இங்கேதான் ரேட் அனாலிசிஸ், அதாவது ஓர் அலகு வேலைக்கு என்ன செலவு என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் பழகுவதற்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல் 447 (உடைசல் சேர்த்து), கல் 10 ரூபாய்: 4,470
சிமெண்ட் 1.23 மூட்டை, மூட்டை 400: 492
எம் சாண்ட் 9.08 கன அடி, கன அடி 60: 545
கொத்தனார் ஒருவர் 1,000, சித்தாள் இருவர் 1,400: 2,400
தண்ணீர், சாரம் 1.5 சதவீதம்: 119
காண்ட்ராக்டர் லாபம் 10 சதவீதம்: 803
மொத்தம்: 8,829 ரூபாய்

8.64 கன மீட்டருக்கு ஏறக்குறைய 76,300 ரூபாய். ஒவ்வொரு வேலைக்கும் இப்படி ஒரு ரேட் எடுத்து, அளவால் பெருக்கி, வரிசையாக எழுதினால் அதுதான் அப்ஸ்ட்ராக்ட். அரசு வேலைகளில் ரேட்டைப் பொதுப்பணித் துறையின் ரேட் ஷெட்யூலிலிருந்து எடுப்பார்கள். சொந்த வீட்டுக்கு அது ஒப்பிட்டுப் பார்க்க உதவும், ஆனால் உங்கள் ஊர்க் கூலியும் வண்டி வாடகையும் அதில் அப்படியே இருக்காது. கூட்டுத்தொகைக்கு மேல் 3 முதல் 5 சதவீதம் எதிர்பாராச் செலவு என்று ஒரு வரி சேருங்கள். ஜி.எஸ்.டி. அதற்குள் அடங்கியதா, தனியா என்று காண்ட்ராக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் சன்ஷேட், கதவு ஜன்னல், டைல்ஸ், பெயிண்ட், ஒயரிங், பிளம்பிங் வரவில்லை. சன்ஷேட் கான்கிரீட் போலவே கன மீட்டர். டைல்ஸும் பெயிண்டும் சதுர மீட்டர். பூச்சுக்கு எடுத்த அளவே பெயிண்டுக்கும் உதவும். ஒயரிங்கைப் பாயிண்ட் எண்ணியும், குழாயை ஓடும் நீளத்திலும் எழுதுவார்கள். இவற்றில் பிராண்டைப் பொறுத்து விலை இரண்டு மடங்கு வரை ஏறி இறங்கலாம், அதனால் அளவோடு பிராண்டின் பெயரையும் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.