வெள்ளம் வடிந்த பிறகு: மழைக்குப் பதறுகிறவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. இப்படி ஒரு வெள்ளத்தில் மாட்டியவர்களுக்குச் சேறு கழுவி முடித்த பிறகும் மனசு அடங்காது. வானம் இருட்டினாலே பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் பையில் திணிப்பார்கள், ராத்திரி திடுக்கென்று எழுந்து தரையைத் தொட்டு ஈரமா என்று பார்ப்பார்கள். முதல் சில வாரங்களுக்கு இது நோயில்லை. பெரும்பாலோருக்குத் தானாகவே குறைந்துவிடும்.

"என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு" என்று தோண்டாதீர்கள். அவர்களாகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், போதும். "உயிர் பிழைச்சதே பெரிசு" என்று மட்டும் சொல்லவே வேண்டாம். கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட நேரமில்லாமல் ஓடிவந்தவருக்கு அந்த ஆடுதான் கண்ணுக்குள் நிற்கும், அதற்காக அழ அவரை விடுங்கள்.

அப்புறம், கையோடு செய்கிற உதவி. நிவாரண விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, நனைந்துபோன பத்திரத்துக்கு நகல் வாங்க பத்திரப்பதிவு ஆபீசுக்குக் கூடப் போவது, இதெல்லாம் மனசுக்கான வைத்தியம்தான். இந்தக் கவலை தீராமல் ஆறுதல் மட்டும் சொன்னால் எடுபடாது என்பது என் எண்ணம். ஏற்கெனவே மனநலத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிட்டவர் என்றால் அது தண்ணீரோடு போயிருக்கும், திடீரென்று நின்றால் ஆபத்து, முதல் வேலையாக அதை வாங்கிக் கொடுங்கள்.

குழந்தைகள் படுக்கையை நனைக்கலாம், அம்மா சேலையை விடாமல் பிடித்துக்கொண்டே திரியலாம். திட்டாதீர்கள். வெள்ள வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிடாதீர்கள். மழைக்கு முன்னாலேயே டார்ச், மருந்து, பத்திரம் எல்லாம் வைத்த பை ஒன்றைச் சேர்ந்து கட்டுங்கள், பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். பயத்துக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும்.

தூக்கத்துக்கென்று குடிக்க ஆரம்பித்தாலோ, ஒரு மாதம் தாண்டியும் வேலைக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்தாலோ மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்பது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.