பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்களா? கிளட்சை இப்படிச் சோதியுங்கள்

பெயிண்ட், துரு, சீட் லெதர், இன்ஜின் சத்தம் என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறவர்கள்கூட கிளட்ச் என்று வந்தால் "தேயுற சாமான்தானே, மாத்திக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சாமானை விட அதை எட்டுவதற்கான கூலிதான் பல கார்களில் அதிகம். டிரையம்ஃப் டிஆர்6 என்றால் சீட்டையும் நடு டனலையும் கழற்றி, கியர்பாக்ஸை காருக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம். எம்ஜிபி-யில் இன்ஜினை வெளியே தூக்கியாக வேண்டும். ஏர்கூல்டு போர்ஷே 911-இல் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே கீழே இறங்கும். போர்ஷே 944 இன்னும் மோசம், கியர்பாக்ஸ் பின்னால், கிளட்ச் முன்னால், நடுவில் இரண்டையும் இணைக்கும் டார்க் டியூப் என்ற நீளக் குழாய், எல்லாவற்றையும் நகர்த்தினால்தான் கை போகும். அதனால் நீங்கள் பார்க்கும் மாடலில் இந்த வேலை எவ்வளவு பெரியது என்று விசாரித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஆளில்லாத நேர் ரோட்டில் டாப் கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் விர்ரென்று ஏறி, வண்டியின் வேகம் பின்தங்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது. கீழ் கியரில் இது எளிதில் தெரியாது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மேல் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் நிற்க வேண்டும் என்பார்கள், ஆனால் பழைய காரின் ஹேண்ட்பிரேக்கை நம்பி நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஸ்லிப் ஆனாலே பிளேட் (கிளட்சுக்குள் உராய்ந்து தேயும் தட்டு) போச்சு என்றும் முடிவு கட்டாதீர்கள். கேபிள் இழுத்து வேலை செய்யும் கிளட்சில் பெடலுக்குக் கொஞ்சம்கூட ஃப்ரீ பிளே (கிளட்ச் அசையத் தொடங்கும்முன் பெடலில் இருக்கும் சின்னத் தளர்வு) இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால், நல்ல பிளேட்டும் வழுக்கும். பெடல் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதையும் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் மாற்றிக் காட்டும், அதை மட்டும் வைத்து தேய்மானத்தைக் கணக்குப் போட முடியாது. ஃப்ளூயிட் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்சிலும் தேய்மானம் பெரும்பாலும் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும்.

அடுத்து, வண்டி நின்றபடி பெடலை முழுசாக அமுக்கி, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் என்றால் பெடலுக்கு மேலே, ஃப்ளூயிடை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் புஷ்ராடு (பெடல் தள்ளும் கம்பி) நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: ஈரமாக இருந்து, கீழே பெயிண்ட் உப்பி உரிந்திருந்தால் ஃப்ளூயிட் கசிகிறது. கீழே, அந்த ஃப்ளூயிட் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையையும் விலக்கிப் பாருங்கள். நீண்ட நாள் ஓடாமல் கிடந்த காரில் பிளேட், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

சத்தத்தையும் கவனியுங்கள். நியூட்ரலில் பெடலை அமுக்கும்போது உறுமினால், கிளட்சை விடுவிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம். பெடலை விட்டிருக்கும்போது உறுமி, அமுக்கினால் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங், அதாவது வேறு பில். கிளம்பும்போது உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், இன்ஜின் மவுண்ட் போயிருந்தாலும் அப்படித்தான் உதறும்.

மாற்றுவது என்று முடிவானால் பிளேட்டை மட்டும் போட்டு மூடாதீர்கள். பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் அல்லது புஷ், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் புஷ் எல்லாவற்றையும் அதே கையோடு பார்த்துவிட வேண்டும், சீல் விலையைப் பார்த்து விட்டுவிட்டு புது பிளேட்டில் ஆயில் ஒழுகினால் அந்தக் கூலி முழுவதும் மறுபடியும் உங்கள் தலையில்தான். ஃப்ளைவீலில் நீலக் கறையோ மெல்லிய வெடிப்போ தெரிந்தால் லேத்துக்கு அனுப்பிக் காட்டுங்கள், வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். விற்கிறவர் "புது கிளட்ச் போட்டாச்சு" என்றால் பில்லைக் கேட்டு வாங்கி, இதில் எதெதெல்லாம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிளேட் மட்டும் இருந்தால் பேரத்தில் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.