கடலில் இனம் தெரியாத பொருள் மிதந்தால்

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, கோடியக்கரைப் பகுதிகளிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குச் செல்வோர் கடலில் இனம் தெரியாத பொருளைக் கண்டால், முதலில் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, ஜிபிஎஸ் கருவியில் இடத்தையும் நேரத்தையும் பதிந்துகொள்ள வேண்டும். பீப்பாய், உருளை, கொள்கலன் போன்றவற்றில் என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே காற்று நம் பக்கமிருந்து அதை நோக்கி வீசும்படி விலகி நின்று, கைபடாமல் படமெடுத்து, கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக்கான 1093 என்ற எண்ணுக்கோ, படகிலுள்ள விஎச்எஃப் வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசையிலோ தெரிவிப்பதே முறை.

மஞ்சள் நிற மிதவை, சூரியத் தகடும் விளக்கும் கொண்டிருந்தால், அது பெரும்பாலும் கடல் தகவல் திரட்டும் கருவி. அதில் படகைக் கட்டுவது கூடாது. அதனடியில் மீன் கூடும் என்பது உண்மைதான், ஆனால் வானிலை எச்சரிக்கைக்கு உதவும் தகவலும் அதிலிருந்தே வருகிறது.

கைவிடப்பட்ட வலைக்குவியலை நெருங்கும்போது படகை உந்தும் விசிறியில் நூல் சுற்றாதபடி இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். பங்குனி ஆமை சிக்கியிருந்தால் அதன் துடுப்புபோன்ற காலைப் பிடித்து இழுக்காமல், கழுத்தைச் சுற்றிய கண்ணிகளை முதலில் அறுத்து, மூச்சுவிடத் தலையை நீருக்கு மேல் தாங்கிப் பிடிக்கலாம்.

மெழுகுபோன்ற சாம்பல்நிறக் கட்டி, திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸாக இருக்கக்கூடும். விலை பேச ஆள் வருவார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாதலால், வனத்துறைக்கே தகவல் தர வேண்டும்.