வேகம் என்று ஓர் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்: தொலைதூர விண்மீன் திரள் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாட் (உணரியின் சீரற்ற உணர்திறனைத் திருத்த எடுக்கும் சீரான ஒளிப் படம்) எடுக்க மறப்பது, தவறான வடிகட்டியோடு படம் பிடிப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒரு முறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார். கீழே இருப்பவை வேறு வகை. படம் அழகாக வரும், நிறமாலை சுத்தமாக இருக்கும், கடைசியில் எழுதும் எண் மட்டும் பிழையாக இருக்கும். புதிதாக வருகிற ஒவ்வொரு மாணவர் குழுவும் இந்தக் குழிகளில்தான் விழுகிறது. அவர்களுக்கு முன்னால் நாங்கள் விழுந்ததும் இதே குழிகளில்தான்.

வேகத்தின் மரபைக் கேட்காமல் விடுவது

இருப்பதிலேயே அதிக நேரத்தைத் தின்னும் தவறு இது. எளிதில் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இன்னும் எரிச்சலூட்டுகிறது.

விண்மீன் திரளின் வேகத்தை நாம் நேரடியாக அளப்பதில்லை. அளப்பது அதிர்வெண்ணை அல்லது அலைநீளத்தை. அதை வேகமாக மாற்றுவதற்கு இரண்டு மரபுகள் இருக்கின்றன. அலைநீளம் எத்தனை பங்கு நீண்டது என்று பார்த்து, அந்தப் பங்கை ஒளியின் வேகத்தால் பெருக்குவது ஒளியியல் மரபு. அதிர்வெண் எத்தனை பங்கு குறைந்தது என்று பார்த்துப் பெருக்குவது ரேடியோ மரபு. நிறமாலையை அலைநீளத்தில் பதிந்தவர்களுக்கு முதலாவது வசதி, அதிர்வெண் சேனல்களில் பதிந்தவர்களுக்கு இரண்டாவது வசதி. அருகில் உள்ள திரள்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் தவறு வெளியே தெரியாமல் வளர்கிறது. செம்பெயர்ச்சி, அதாவது அலைநீளம் நீண்ட அந்தப் பங்கு, 0.01 என்றால் வித்தியாசம் நொடிக்கு 30 கி.மீ. மட்டுமே. 0.02 என்றால் 118 கி.மீ. 0.1 என்றால் ஒளியியல் மரபில் 29,979, ரேடியோ மரபில் 27,254. ஒரே திரளுக்கு 2,725 கி.மீ. வித்தியாசம்! சார்பியல் டாப்ளர் சூத்திரத்தைப் போட்டால் 28,487 என்று மூன்றாவது எண்ணும் வரும்.

இது எப்படி ஒரு இரவை விழுங்குகிறது என்று பாருங்கள். செம்பெயர்ச்சி 0.1 உள்ள திரளில் நடுநிலை ஹைட்ரஜனின் 21 செ.மீ. கோட்டைத் தேடுகிறீர்கள். கோட்டின் ஓய்வு அதிர்வெண் 1420.406 மெகாஹெர்ட்ஸ். திரள்களுக்கான பட்டியல்களில் பெரும்பாலும் ஒளியியல் மரபு வேகம்தான் இருக்கும், ஆகவே 29,979 கிடைக்கிறது. அதை அப்படியே ரேடியோ மரபை எதிர்பார்க்கும் மென்பொருளில் தட்டினால் அது பட்டையின் மையத்தை 1278.4 மெகாஹெர்ட்ஸில் வைக்கும். கோடு இருப்பதோ 1291.3-இல். இடைவெளி கிட்டத்தட்ட 13 மெகாஹெர்ட்ஸ். 16 மெகாஹெர்ட்ஸ் அகலமான பட்டை எடுத்திருந்தாலும் கோடு வெளியே நிற்கும். எட்டு மணி நேரம் கழித்து இரைச்சல் மட்டும் கையில் இருக்கும். அதைப் பார்த்து “இந்தத் திரளில் வாயு இல்லை” என்று ஒருவர் எழுதவும் செய்வார். தொலைநோக்கி நேரம் போனதைவிட, இல்லாத முடிவு ஒன்று பதிவாவதுதான் பெரிய சேதம்.

கோடு பட்டைக்குள் விழுந்துவிட்டாலும் பிழை தீராது, அகலத்தில் ஒளிந்துகொள்ளும். திரளின் சொந்தச் சட்டகத்தில் கோட்டின் அகலம் நொடிக்கு 400 கி.மீ. என்று வைப்போம். செம்பெயர்ச்சி 0.1-இல் ஒளியியல் மரபு அதை 440 என்று காட்டும், ரேடியோ மரபு 364 என்று காட்டும். டல்லி-ஃபிஷர் உறவில் ஒளிர்வு சுழல் வேகத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுவதால், 10 சதவீத அகலப் பிழை ஒளிர்வில் 46 சதவீதமாகவும் தொலைவில் 21 சதவீதமாகவும் பெருகிவிடும்.

ஹைட்ரஜன் நிறையிலும் இதே கதை. ஒளிர்வுத் தொலைவை மெகாபார்செக்கிலும் கோட்டின் மொத்த ஒளிப்பாயத்தை (நம்மை வந்தடையும் கதிர்வீச்சின் அளவை) ஜான்ஸ்கி என்ற ரேடியோ அலகைக் கொண்டு ஜான்ஸ்கி கி.மீ./நொடியிலும் எடுத்து, தொலைவின் வர்க்கத்தையும் ஒளிப்பாயத்தையும் 2.36 லட்சத்தோடு பெருக்கினால் சூரிய நிறையில் விடை வரும். அந்தச் சூத்திரம் ரேடியோ மரபில் தொகுத்த ஒளிப்பாயத்துக்கே அப்படியே பொருந்தும். ஒளியியல் மரபில் தொகுத்திருந்தால், செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி, அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மறந்தால் 0.1-இல் நிறை 21 சதவீதம் கூடிப்போகும். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ஒளிப்பாயத்தை ஜான்ஸ்கி ஹெர்ட்ஸில் தொகுத்து, பெருக்கும் எண்ணை 49.7 என்று வையுங்கள். எங்கள் பரிந்துரை இதுதான்.

செய்ய வேண்டியவை: விண்ணப்பத்திலும் நோக்குக் கோப்பிலும் வேகத்தோடு வானில் எதிர்பார்க்கும் அதிர்வெண்ணையும் மெகாஹெர்ட்ஸில் எழுதுங்கள். அந்த எண்ணைச் செம்பெயர்ச்சியிலிருந்து கையால் கணக்கிட்டு, மென்பொருள் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். தரவுக் கனசதுரம் (வானின் இரு அச்சுகளோடு அதிர்வெண்ணையோ வேகத்தையோ மூன்றாம் அச்சாகக் கொண்ட கோப்பு) கைக்கு வந்ததும் அதன் தலைப்புக் குறிப்பான ஹெடரில் மூன்றாம் அச்சின் வகையையும் ஓய்வு அதிர்வெண்ணையும் படியுங்கள். ‘விராட்’ (VRAD) என்று இருந்தால் ரேடியோ மரபு, ‘விஆப்ட்’ (VOPT) என்று இருந்தால் ஒளியியல் மரபு. வெறும் ‘வேகம்’ என்று இருந்தால் கோப்பை உருவாக்கியவரைக் கேளுங்கள். ஊகிக்காதீர்கள்.

யாரைப் பொறுத்த வேகம்?

மேலே சொன்னதன் உடன்பிறப்பு. பூமி சூரியனைச் சுற்றுவதால் நொடிக்கு 30 கி.மீ. வரை ஏற்ற இறக்கம் வருகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அதிகபட்சம் 0.46 கி.மீ. சூரியப் பாதைத் தளத்துக்கு அருகில் உள்ள ஒரு இலக்கை ஆறு மாத இடைவெளியில் இரு முறை நோக்கி, சட்டகம் மாற்றாமல் இரண்டு நிறமாலைகளையும் கூட்டினால் கோடு 60 கி.மீ. வரை விலகி இரண்டாகப் பிரியும். “இரண்டு வாயு மேகங்கள் மோதுகின்றன” என்ற உற்சாகமான வரைவுகளுக்குப் பின்னால் இது இருக்கக்கூடும், முதலில் இதைப் பாருங்கள். கோட்டகலம் 1 கி.மீ.-க்கும் குறைவான குளிர்ந்த மூலக்கூறு மேகங்களில், சூரியக் குடும்ப மையச் சட்டகத்துக்கும் அண்மை விண்மீன்களின் ஓய்வுச் சட்டகத்துக்கும் உள்ள சுமார் 20 கி.மீ. வரையிலான வேறுபாடே மேகத்தைப் பக்கத்துச் சுருள்கையில் கொண்டுபோய் வைத்துவிடும். எந்தச் சட்டகம் என்று சொல்லும் ‘ஸ்பெக்சிஸ்’ (SPECSYS) என்ற இடம் ஹெடரில் காலியாக இருந்தால் அந்தத் தரவை நம்ப வேண்டாம்.

காற்றா, வெற்றிடமா?

ஹைட்ரஜன் ஆல்ஃபா காற்றில் 6562.8 ஆங்ஸ்ட்ரம், வெற்றிடத்தில் 6564.6. ஒரு பட்டியலைக் காற்றிலும் மற்றொன்றை வெற்றிடத்திலும் எடுத்தால் நொடிக்கு 83 கி.மீ. தவறு. ஸ்லோன் ஆய்வின் நிறமாலைகள் வெற்றிட அலைநீளத்தில் உள்ளன.

ஒற்றைக் கோட்டை நம்பிச் செம்பெயர்ச்சி சொல்வது

6563 ஆங்ஸ்ட்ரமில் ஒரே ஒரு கோடு தெரிகிறது. அது 3727-இன் ஆக்சிஜன் இரட்டைக்கோடு என்றால் செம்பெயர்ச்சி 0.76. ஹைட்ரஜனின் புறஊதாக் கோடான லைமன் ஆல்ஃபா என்றால் 4.4. இரட்டையைப் பிரிக்கும் அளவுக்குப் பிரிதிறன் இருந்தாலோ, லைமன் ஆல்ஃபாவுக்கே உரிய சமச்சீரற்ற சரிவு தெரிந்தாலோ மட்டுமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் இரண்டாவது கோடு வேண்டும்.

நிறங்களிலிருந்து ஊகிக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். ஜேம்ஸ் வெப் படங்களில் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் இருக்கலாம் என்று கருதப்பட்ட சீர்ஸ்-93316 என்ற திரள், 2023-இல் நிறமாலை வந்தபோது 4.9-இல் நின்றது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் வலுவான உமிழ்வுக் கோடுகள் அகன்ற வடிகட்டிகளுக்குள் விழுந்து, மிகத் தொலைவான திரளின் நிறங்களைப் போலவே காட்டியிருந்தன.

எதிர்மறை இடமாறுகளைத் தூக்கி எறிவது

எறியாதீர்கள். இடமாறு என்பது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் சிறு கோணம்; கையா விண்கலத்தின் தரவில் தொலைவான விண்மீன்களுக்கு அது எதிர்மறையாக வருவது அளவீட்டு இரைச்சலின் இயல்பு. அவற்றை நீக்கினால் விண்மீன் கொத்தின் சராசரி இடமாறு கூடி, கொத்து உண்மையைவிட அருகில் இருப்பதாகத் தெரியும். ஒவ்வொரு விண்மீனுக்கும் இடமாற்றைத் தலைகீழாக்கித் தொலைவு கண்டு, பிறகு சராசரி எடுப்பதும் தவறு. முதலில் கொத்து முழுவதற்கும் எடையிட்ட சராசரி இடமாறு, அதன் பிறகே தொலைவு. கையாவின் மூன்றாம் வெளியீட்டில் பூஜ்யப் புள்ளி (எல்லா இடமாறுகளிலும் இருக்கும் பொதுவான விலகல்) ஏறத்தாழ -0.017 மில்லி ஆர்க்செகண்ட். 0.2 மில்லி ஆர்க்செகண்ட் இடமாறுள்ள கொத்துக்கு அது 8 சதவீதத்துக்கும் மேலான பிழை.

குறுக்கீட்டுமானியில் ஒளிப்பாயம் குறைகிறது என்று ஆச்சரியப்படுவது

குறுக்கீட்டுமானி என்பது பல ஆன்டெனாக்களை இணைத்த வரிசை. அதில் இரு ஆன்டெனாக்களுக்கு இடையிலான தூரமான அடிக்கோடுகளில் மிகக் குட்டையானது 100 மீட்டர் என்றால், 21 செ.மீ. அலையில் ஏறத்தாழ 4 ஆர்க்மினிட்டுக்கு மேல் பரந்த அமைப்பை அந்த வரிசை நன்றாகப் பார்க்காது. ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கியின் தரவைச் சேர்க்காமல் அருகிலுள்ள மேகத்தின் நிறையைச் சொல்லாதீர்கள்.

கற்றைத் திருத்தம் செய்த படத்தில் இரைச்சலை அளப்பது

தொலைநோக்கியின் உணர்திறன் பார்வைப் புலத்தின் ஓரத்தில் குறைவதை ஈடுகட்டப் பெருக்குவதே இந்தத் திருத்தம். அதனால் ஓரங்களில் இரைச்சல் ஊதிப்போயிருக்கும். திருத்தத்துக்கு முந்தைய படத்தில் அளவிடுங்கள்.

காணாததைப் பூஜ்யம் என எழுதுவது

மூன்று சிக்மா (இரைச்சலின் திட்ட விலகலைப் போல் மூன்று மடங்கு) மேல்வரம்பை எழுதுங்கள். அதற்காக எந்தக் கோட்டகலத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும், எந்த மரபில் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.