கிறிஸ்துமஸ் மரமும் கணப்பு மேன்டலும்: அலங்காரம் எங்கே பிசகுகிறது?

டிசம்பரில் டொராண்டோவில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடு ஒன்றுக்குள் நுழைந்தால் கண் இரண்டு இடங்களுக்குத்தான் போகும். ஒன்று, மூலையில் நிற்கும் மரம். மற்றொன்று, கணப்பு அடுப்புக்கு மேலே சுவரை ஒட்டி ஓடும் மேன்டல் பலகை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகாகவே இருக்கும். சேர்த்துப் பார்க்கும்போது ஏதோ உறுத்தும். என்னவென்று சொல்லத் தெரியாது.

பெரும்பாலும் உறுத்துவது விளக்குதான். இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில் மரத்துக்குப் பழைய விளக்குச் சரத்தையே சுற்றிவிட்டு, மேன்டலுக்கு மட்டும் புதிய எல்இடி சரம் வாங்கினேன். பெட்டியில் ‘வெள்ளை’ என்று இருந்ததைத் தவிர வேறொன்றும் கவனிக்கவில்லை. இரவில் இரண்டையும் எரியவிட்டால், மரம் நெய் விளக்கு ஏற்றியதுபோல் இளமஞ்சளாக நிற்கிறது. மேன்டலில் மருத்துவமனை டியூப்லைட்டின் நீலம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளி நிற அலங்காரக் குண்டுகள் மரத்தில் பொன் பூசியதுபோலவும் மேன்டலில் ஈயம்போலவும் தெரிந்தன. குண்டுகளை இடம் மாற்றி மாற்றி ஒரு மாலைப் பொழுதே போயிற்று. குறை அவற்றில் இல்லவே இல்லை. வெள்ளை விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள். மஞ்சள் சாயும் ‘வார்ம் ஒயிட்’ ஏறக்குறைய 2,700 கெல்வின். நீலம் சாயும் ‘கூல் ஒயிட்’ 5,000 கெல்வினுக்கு மேல். கணப்பில் எரியும் தீ செம்மஞ்சள் நிறம் என்பதால், பக்கத்தில் வார்ம் ஒயிட்தான் ஒட்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே நிறுவனத்தின் சரத்தை ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் சற்று மாறும்.

அடுத்த தவறு, பொருத்தம் என்ற பெயரில் மரத்தை மேன்டலில் நகலெடுப்பது. மரத்தில் சிவப்புக் குண்டு, மேன்டலிலும் சிவப்புக் குண்டு, சிவப்பு மெழுகுவர்த்தி, பரிசுக்காகத் தொங்கவிடும் சிவப்புக் காலுறை, சிவப்பு ரிப்பன். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டுச் சேலைக்கு ரவிக்கை தைக்கும்போது சேலை உடலின் நிறத்தை விட்டுவிட்டு, கரையின் நிறத்தை எடுப்பார்கள் அல்லவா? அதே கணக்குதான் இங்கும். மரத்தில் சிவப்பு நிறைந்து பொன் ஆங்காங்கே மின்னினால், மேன்டலில் பொன் முன்னே வரட்டும். சிவப்பு ஓரிரு இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கட்டும்.

நிறத்தைத் தீர்மானிக்கும் முன் கணப்பின் முகப்பைப் பாருங்கள். மரம் ஜனவரியில் போய்விடும். செங்கல்லும் கல்லும் போகாது. செங்கல் முகப்புக்கு முன்னால் சிவப்புக் காலுறைகளைத் தொங்கவிட்டால் அவை சுவரோடு கரைந்துவிடும். அங்கே சந்தன நிறமும் பித்தளையும் எடுபடும். சாம்பல் நிறக் கல்லுக்கு முன்னால் வெள்ளி மங்கும், சிவப்பு துலங்கும்.

பச்சையிலும் பேதம் உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இங்கே அதிகம் விற்கும் ஃப்ரேசர் ஃபிர் மரத்தின் ஊசியிலை நீலம் கலந்த கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளி பூத்திருக்கும். அதன் அருகே மஞ்சள் கலந்த பிளாஸ்டிக் இலைத் தோரணத்தைப் போட்டால் இரண்டில் ஒன்று போலி என்று கூவும். மரத்தைத் தாங்கியில் நிறுத்துவதற்காக அடிக்கிளைகளை வெட்டுவோமே, அவற்றை எறியாதீர்கள். மேன்டலுக்கு அதைவிடப் பொருத்தமான பச்சை எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆனால் அந்தக் கிளைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மரத்துக்காவது தாங்கியில் ஊற்றுகிறோம். தண்டு 4 அங்குலம் என்றால் நாளொன்றுக்கு 4 லிட்டர்வரை இழுக்கும். மேன்டல் கிளை கீழிருந்து வரும் சூட்டில் சில நாளிலேயே மொறுமொறுவென்று காய்ந்து, தொட்டால் உதிரும். அப்படிக் காய்ந்த இலை தீப்பிடிக்க ஒரு பொறி போதும். பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வையுங்கள், அது இருக்கும்வரை கணப்பை மூட்டாதீர்கள். தீ வேண்டும் என்றால் மேன்டலில் பச்சை வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு காலத்தில் மரத்திலேயே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் தன் வீட்டு மரத்தில் 80 சின்னஞ்சிறு மின்விளக்குகளைச் சுற்றினார். அந்த வழக்கம் பரவப் பரவ, மரத்திலிருந்து நெருப்பு இறங்கியது. அப்படி இறங்கிய நெருப்பை மேன்டலில் இலைகளுக்கு நடுவே மீண்டும் ஏற்றி வைக்கிறோம். பேட்டரி மெழுகுவர்த்தியே போதும். உண்மையான மெழுகு, தீ மூட்டினால் திரி எரியாமலேயே இளகிச் சாயும். கணப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டு, மேன்டலில் உள்ளங்கையை வையுங்கள். கை தாங்காத சூடு என்றால், மெழுகும் பிளாஸ்டிக்கும் அங்கே கூடாது.

காலுறைகளையும் தீ எரியும்போது கழற்றி மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டிவிடலாம். எரிவாயுக் கணப்பின் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். காலுறையை எட்டிப் பிடிக்கப் போகும் குழந்தையின் கை முதலில் படுவது அந்தக் கண்ணாடியில்தான். மரத்துக்கும் கணப்புக்கும் இடையே குறைந்தது 3 அடி இருக்க வேண்டும். படம் நன்றாக வரும் என்று மரத்தைக் கணப்போடு ஒட்டி நிறுத்தும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. பரிசு சுற்றிய காகிதத்தையும் கணப்பில் போடாதீர்கள். அது குப்பென்று பற்றி, புகைபோக்கியில் படிந்திருக்கும் கரிவரை தீயைக் கொண்டுபோகும்.

இன்னொன்று, பொருள்களின் அளவு. மரத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். மேன்டல் கண்ணுக்கு நேராக இருக்கிறது. பாட்டி தந்த கண்ணாடிப் பறவையை மரத்தின் உட்கிளையில் மறைத்துவிட்டு, மேன்டலில் பெரிய பிளாஸ்டிக் குண்டுகளை அடுக்குவது அந்தப் பறவைக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாம் முடிந்ததும் கூரை விளக்கை அணைத்துவிட்டு, வாசலில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். எங்கே கனம் கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் மேன்டலின் இடது கோடியிலிருந்துதான் இரண்டு பொருள்களை எடுக்க வேண்டியிருக்கிறது. மரம் நிற்பதும் அந்தப் பக்கம்தான்.