இளைப்பு இல்லையே, இன்ஹேலர் எதற்கு?

சின்ன வயதில் நம் ஆஸ்துமாவை அம்மாதான் பார்த்துக்கொள்வார். படிப்பு, வேலை என்று வீட்டை விட்டுக் கிளம்பியதும் "மருந்து இழுத்தியா?" என்று கேட்க ஆள் இருக்காது. கொஞ்ச நாளில் மருந்தும் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால் இதுதான் முதல் தவறு. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நாள்பட்ட அழற்சி. தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அதை அடக்கி வைப்பதால்தான் இளைப்பு இல்லாமல் இருக்கிறோம். நிறுத்தினால் மறுநாளே தெரியாது. சில வாரம் கழித்துச் சளி பிடிக்கும்போது தெரியும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டும் பயப்பட வேண்டாம்: ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்வது வேறு, இது வேறு. மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாயில் பூஞ்சை வரும் வாய்ப்பு குறையும்.

அடுத்தது, மூச்சு முட்டும்போது இழுக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை மட்டும் நம்பி ஓட்டுவது. உடனே நிம்மதி தருவதால் அதுவே போதும் என்று தோன்றும். அது மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான்; அழற்சி அப்படியே இருக்கும். சால்பூட்டமால் மட்டும் போதாது என்று ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டுதல் அமைப்பான ஜினா 2019 முதல் சொல்லிவருகிறது. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அது தேவைப்படுகிறதா? இருமலால் இரவில் தூக்கம் கெடுகிறதா? அப்படியானால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை.

பல வருடமாக இழுப்பவர்கள்கூட முறையில் தவறுகிறார்கள். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். ஸ்ப்ரே வகை என்றால் மெதுவாக, ஆழமாக. பொடி வகை என்றால் வேகமாக இழுக்க வேண்டும். பிறகு 10 வினாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அப்புறம், மருந்து தீர்ந்த ஸ்ப்ரேயிலிருந்தும் வாயு வரும். எண்ணிக்கை காட்டும் பகுதியைப் பாருங்கள்.

நண்பர்கள் முன்னால் இன்ஹேலர் எடுக்கக் கூச்சப்பட்டு அதை அறையிலேயே வைத்துவிட்டுப் போவதும் உண்டு. சிகரெட்டோ வேப் எனும் மின்-சிகரெட்டோ கையில் இருக்கும், இன்ஹேலர் இருக்காது!

மூச்சு முட்டும்போது படுக்காதீர்கள், நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, மருந்து இழுத்தும் அடங்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை சால்பூட்டமாலைத் தொடர்ந்து இழுக்கலாம்.