உதைபந்தாட்டக் கழகத் தலைவரை எடை போடுவது எப்படி? மலையகக் கழகங்களுக்கான செய்முறை

கிண்ணம் வந்தால் தலைவர் கெட்டிக்காரர், முதல் சுற்றிலேயே வெளியேறினால் தலைவர் சரியில்லை. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக் கழகங்களில் பேச்சு இப்படித்தான். இந்த அளவுகோல் பிழை. கோல் அடிப்பது வீரர், அணியைத் தெரிவுசெய்வது பயிற்றுவிப்பாளர். தலைவரின் கையில் இருப்பவை காசு, தீர்மானம், மைதானம், ஆட்கள். அவற்றை ஆதாரத்தோடு பார்க்க ஒரு கொப்பியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

முடிவுகளை மட்டும் பார்த்தால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு இங்கிலாந்தின் பெரி (Bury) கழகம் சாட்சி. 1885இல் தொடங்கிய கழகம். 2018-19 பருவத்தில் நான்காம் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறியது. அடுத்த பருவத்தில் ஒரு லீக் போட்டிகூட ஆடவில்லை. செலவுக்குக் காசு இருப்பதைக் காட்ட முடியாமல் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. புள்ளிப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

படி 1: யாப்பை எடுங்கள்

கழகத்தின் யாப்பில், அதாவது அதன் விதிமுறைகள் எழுதப்பட்ட ஆவணத்தில், ஐந்து விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: தலைவரின் பதவிக்காலம், கூட்டத்துக்கு ஆகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும், வங்கியில் யார் யார் கையொப்பமிடுவது, வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது, விசேட பொதுக்கூட்டம் கேட்க எத்தனை அங்கத்தவர்களின் கையொப்பம் தேவை. யாப்புப் பிரதி யாரிடமும் இல்லையா? கழகம் பதிவு செய்யப்பட்டிருந்தால் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள், பதிவுக்குக் கொடுத்த பிரதி அங்கே இருக்கலாம்.

அதோடு, தலைவர் பொறுப்பெடுத்த திகதியையும் அன்றிருந்த வங்கி மீதியையும் பழைய கடன்களையும் எழுதுங்கள். முந்தியவர் வைத்துவிட்டுப் போன கடனை இப்போதிருப்பவர் தலையில் கட்டுவது அநியாயம்.

படி 2: கணக்கு

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். தேவையானவை நான்கு: காசுப் புத்தகம், வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், செலவு வவுச்சர்கள். இவற்றை எழுதி வைப்பது பொருளாளரின் வேலை, எழுதப்படுகிறதா என்று பார்ப்பது தலைவரின் வேலை. கழகக் காசைத் தலைவரே சட்டைப்பையில் வைத்திருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அது நிர்வாகப் பிழை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. வருடத் தொடக்கத்தில் வங்கியிலும் கையிலுமாக 20,500 ரூபா. வரவு: சந்தா 61,000, அனுசரணை 75,000, டூர்னமென்ட் நுழைவுக் கட்டணம் 16 அணிகளிடம் 5,000 வீதம் 80,000. மொத்த வரவு 216,000. வவுச்சர்களின்படி செலவு 198,000. அப்படியானால் கடைசியில் 38,500 இருக்க வேண்டும். வங்கியில் 21,000, கையில் 6,500, ஆக 27,500தான் இருக்கிறது. 11,000 ரூபா குறைகிறது.

உடனே களவு என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. வேன்காரருக்குக் கையில் கொடுத்த காசுக்கு யாரும் பில் வாங்கியிருக்க மாட்டார்கள், நடுவர்களின் சாப்பாட்டுச் செலவு எழுதப்படாமல் போயிருக்கும், பரிசுப் பணத்துக்குக் கையொப்பம் வாங்கியிருக்க மாட்டார்கள். குறைவது எந்த மாதத்தில் என்று திகதி வரிசையில் தேடுங்கள். டூர்னமென்ட் நடந்த ஒரே கிழமைக்குள் முழுத் தொகையும் குறைந்தால் அது அவசரத்தில் வந்த கவனக்குறைவாக இருக்கலாம். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் கட்டாயம் விளக்கம் கேட்க வேண்டும்.

சந்தாவையும் பாருங்கள். மேலே சொன்ன கழகத்தில் 40 அங்கத்தவர்கள், மாதம் 200 ரூபா என்றால் வருடத்துக்கு 96,000 வர வேண்டும். வந்தது 61,000. மீதி 35,000 ரூபாவை யார் கட்டவில்லை என்ற பட்டியல் தலைவரிடம் இருக்கிறதா? கொழும்பில் கடை வேலைக்குப் போன பையன்களால் மாதாமாதம் கட்ட முடியாது. அவர்கள் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வரும்போது மொத்தமாக வாங்க ஏற்பாடு செய்திருந்தால் அது நல்ல தலைமை.

கடைசியாக ஒரு கேள்வி: ஆகப் பெரிய அனுசரணையாளர் அடுத்த வருடம் வராவிட்டால் கழகம் எத்தனை மாதம் ஓடும்? மேலே உள்ள கணக்கில் அனுசரணை மட்டும் வரவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஐரோப்பாவின் பெரிய கழகங்களுக்கே அங்குள்ள உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஈஎஃப்ஏ வரம்பு வைத்திருக்கிறது: வீரர் சம்பளம், இடமாற்றம், முகவர் கட்டணம் எல்லாம் சேர்த்து வருமானத்தின் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோட்டத்துக் கழகத்தில் சம்பளம் இல்லாவிட்டாலும் விஷயம் ஒன்றுதான். வராத காசை நம்பி ஜேர்சிக்கு ஓடர் கொடுக்கக் கூடாது.

படி 3: கூட்ட அறிக்கைப் புத்தகம்

கடந்த ஆறு மாதத்திலிருந்து ஐந்து தீர்மானங்களைப் பொறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள், நடந்ததா என்று எழுதுங்கள். ஐந்தில் நான்கு நிறைவேறியிருந்தால் நல்லது. ஐந்தையும் தலைவரே ஓடியோடிச் செய்திருந்தால் யோசிக்க வேண்டும். அவர் உழைப்பாளிதான், ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் கழகமும் படுத்துவிடும். வட்ஸ்அப் குழுவில் தலைவர் சொல்ல, பத்துப் பேர் கட்டைவிரல் போடுவது தீர்மானம் ஆகாது. அடுத்த கூட்டத்தில் அதை முன்வைத்து அறிக்கையில் ஏற்றியிருந்தால்தான் கணக்கில் எடுங்கள்.

படி 4: மைதானம்

தோட்டத்து மைதானம் கழகத்துக்குச் சொந்தமில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து, பெரும்பாலான இடங்களில் அனுமதி தோட்ட நிர்வாகத்திடமிருந்துதான் வர வேண்டும். “துரை வாயால சொன்னாரு” என்பது போதாது, துரை, அதாவது தோட்ட முகாமையாளர், மாறினால் அந்தப் பேச்சும் போய்விடும். எழுத்தில் அனுமதி இருக்கிறதா, அதில் திகதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மழை பெய்த மறுநாள் மைதானத்துக்கு நேரில் போங்கள். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய மைதானத்தில் மேட்டுப் பக்கம் கான் (வடிகால்) இருக்க வேண்டும். கான் தூர்ந்திருந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் நேரே மைதானத்துக்குள் இறங்கி, ஏற்கெனவே புல் தேய்ந்து போன கோல் வாய்களில் தேங்கும். அங்கே சேறு கணுக்கால் வரை இருந்தால், கடைசியாகக் கான் வெட்டியது எப்போது என்று கேளுங்கள். ஒரு சிரமதானத்தில் முடியும் வேலை அது, காசில்லை என்ற காரணம் செல்லாது. கோல் கம்பங்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கம்பங்களுக்கு இடையே 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர் என்ற அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், ஆடும் கம்பம் சின்னப் பிள்ளை தொங்கினால் மேலே விழும். அப்படி ஒரு கம்பம் நின்றால் இந்தப் படிக்குப் பூச்சியம்தான்.

டூர்னமென்ட் திகதியும் இங்கேதான் வரும். அட்டன், நுவரெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும், பதுளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் கனமழை. ஜூனில் அட்டனில் டூர்னமென்ட் வைத்துவிட்டு மழையைக் குறை சொல்லும் தலைவருக்குப் புள்ளி கொடுக்காதீர்கள்.

படி 5: ஆட்கள்

வீரர் பதிவுப் பட்டியலைக் கேளுங்கள். கடைசிப் பெரிய போட்டியில் இறங்கிய பதினொருவரில் எத்தனை பேர் வழக்கமாகப் பயிற்சிக்கு வருபவர்கள்? ஒரு கிண்ணத்துக்காக வெளியாட்களை இறக்கினால் உள்ளூர்ப் பையன் பெஞ்சில் இருந்து சலித்து விலகுவான். வேறு கழகத்தில் பதிவானவர் என்று எதிரணி முறைப்பாடு செய்தால் வென்ற போட்டியும் போகும். 15 வயதுக்குக் கீழே ஒரு அணி இருக்கிறதா, பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அவர்களுக்குப் பொறுப்பாக நம்பத்தகுந்த பெரியவர் இருக்கிறாரா என்பதையும் குறியுங்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்தும் பாருங்கள், பல இடங்களில் உள்ளே ஒரு காலி ஸ்ப்ரே டின்தான் இருக்கும்.

படி 6: வெளியார் கை

தேர்தல் காலத்தில் யாரோ ஜேர்சி வாங்கிக் கொடுப்பது புதிதில்லை. வாங்கலாம். பதிலுக்கு என்ன கொடுக்கிறோம் என்பது அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் யார் இருப்பது என்பதை அவர் தீர்மானிக்கக் கூடாது. நிர்வாகச் சிக்கல் வீரர்களை எப்படி அடிக்கும் என்பதை நாடே பார்த்தது: மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி பீஃபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. அந்த வருடம் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நம் அணி ஆட முடியவில்லை. தடை ஆகஸ்டில்தான் நீங்கியது.

படி 7: புள்ளி போட்டுக் கேளுங்கள்

படி 2 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போடுங்கள். கணக்குக்கு மட்டும் இரட்டிப்பு, ஆக மொத்தம் 12. ஆதாரம் காட்ட முடியாதது 0. ஒன்பதுக்கு மேல் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள். ஐந்துக்குக் கீழே என்றால், அல்லது மொத்தம் எவ்வளவு வந்தாலும் கணக்கில் பூச்சியம் என்றால், பொதுக்கூட்டத்தில் பேச வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். “அண்ணே, காசெல்லாம் எங்க போச்சு?” என்றால் சண்டைதான் வரும். “அண்ணே, மார்ச் டூர்னமென்டுல 11,000 ரூபாவுக்கு வவுச்சர் இல்ல. வேன் பில்லும் பரிசுப் பண ரசீதும் கெடச்சா கணக்கு நேராகிடும்” என்றால் பதில் வரும். கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே தலைவரிடமும் செயலாளரிடமும் கொடுங்கள். சபையில் திடீரென்று கேட்டால் நல்ல தலைவரும் தடுமாறுவார்.

பதிலே வராவிட்டால், படி 1இல் குறித்துவைத்த எண்ணிக்கைக்குக் கையொப்பம் சேர்த்து விசேட பொதுக்கூட்டம் கேளுங்கள். அங்கே தலைவர் மாறினால், தெரிவு பற்றிய கூட்ட அறிக்கைப் பிரதியையும் புதியவர்களின் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அந்தக் கிழமையே வங்கிக்குப் போய்க் கையொப்பங்களை மாற்றுங்கள். அதைத் தள்ளிப்போட்டால், புதிய நிர்வாகம் முதல் பந்து வாங்கவே பழைய தலைவரின் கையொப்பத்துக்கு அலைய வேண்டிவரும்.